பிழைத்தவளுக்கு நன்கொடை

வண்டிப் பட்டறையில் யாருக்காவது கஷ்டமென்றால் காசு சேர்க்கக் காலி கிரீஸ் டப்பா ஒன்று கைமாறிச் சுற்றி வரும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அன்றும் வந்தது. முதலாளிக்கு ஒரு மெயில் வந்திருந்தது: குழந்தைக்கு இதய ஆபரேஷன், மாலைக்குள் பணம் வராவிட்டால் பிழைக்காது. இளகின மனசுக்காரர் அவர். கண் கலங்கி, எல்லோரிடமும் போனை நீட்டினார்.

பட்டறையின் ஒரே பெண் மெக்கானிக்கை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் படத்தைப் பார்த்தாள். மூக்கில் குழாய், மடியில் ஒற்றைக் காது முயல் பொம்மை. அந்த முயலின் இன்னொரு காதைக் கடித்துத் துப்பியதே அவள்தான்.

அவளுடைய ஆறு வயதில், உதவி கேட்டு அம்மா இணையத்தில் போட்ட படம் அது. முகம் தெரியாதவர்கள் கொடுத்த காசில்தான் அன்று உயிர் பிழைத்தாள். இன்று எவனோ அதே படத்தை வைத்து வயிறு வளர்க்கிறான்.

வாயைத் திறந்தால் வேறு வம்பு. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஆபரேஷனைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கழுத்துவரை பட்டன் போடாமல் அவளை வாசல் தாண்ட விட்டதில்லை.

டப்பா அவளிடம் வந்தது. காசை எடுத்து அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல ஆஸ்பத்திரி பேரு இல்ல, டாக்டர் பேரு இல்ல. அவசரம் மட்டும்தான் இருக்கு. இந்தக் குழந்தை நான்தான் அண்ணே. இன்னும் சாகல.”

தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்த மெயிலை அனுப்பித் தொலைத்திருந்த முதலாளி தலையில் கை வைத்தார்.

அந்த மெயில் மோசடி என்று காட்ட, இன்றைய தன் படத்தைப் பழைய படத்தோடு சேர்த்து ஊருக்கே அனுப்பப் போவதாக வீட்டில் சொன்னாள். அம்மா குதிகுதியென்று குதித்தாள். கல்யாணம் நின்றுபோகும், சொந்தபந்தம் சிரிக்கும் என்றாள்.

“நின்னா நிக்கட்டும்மா. ஜனங்க இவன்கிட்ட ஏமாந்துட்டா, நாளைக்கு நிஜமாவே கஷ்டப்படுற குழந்தைக்கு யாரு குடுப்பா?”

அம்மா மெயிலைக் காட்டச் சொல்லிப் படித்தாள். ‘பெற்ற தாய் கதறுகிறாள்’ என்ற வரியில் அவள் முகம் சிவந்தது. ஆபரேஷன் அறை வாசலில் உண்மையாகவே கதறியவள் அவள்.

போனை வாங்கிக்கொண்டு, மகளைச் சுவரோரம் நிறுத்தினாள்.

“மேல் பட்டன் ரெண்டையும் கழட்டு,” என்றாள். “தழும்பு தெரியட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கும் சேர்த்தே அனுப்பு.”