தூரம் தெரியாத கண்

என் வீட்டுக்காரர் சின்னமுத்துவுக்கு வாய் கொஞ்சம் நீளம், வறட்டுக் கௌரவம் அதைவிட நீளம். நாற்பத்தைந்து வயதில் பேப்பரைக் கைக்கெட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பொடியாக அச்சடிக்கிறான்கள் என்று திட்டுவார். கண்ணாடி போடச் சொன்னால், கண்ணாடி போட்டவன் ஓட்டும் ஜீப்பில் எவன் நம்பி ஏறுவான் என்பார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். கடைசியில் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கம் கண்ணில் கோளாறு என்றால் வெள்ளித் தகட்டில் செய்த கண்ணை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது வழக்கம்.

காலையில் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கி வருவது அவர் சோலி. அதே ஜீப்பில் நானும் காய் எடுக்கப் போவேன். பகல் முழுக்க ஜீப்பு சும்மா நிற்கும். அவரால் சும்மா நிற்க முடியாது. பூச்சிமருந்து அடிக்கக் கிளம்பிவிடுவார். கைலியும் தலையில் ஒரு துண்டும்தான் அவருக்குக் கவசம். காற்று திரும்பி மருந்து முகத்தில் அடித்தால் அதே துண்டால் துடைத்துக்கொள்வார்.

அன்று வேலை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். பாக்கெட்டின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைக் கடகடவென்று வாசித்தார்.

"செல்வி, எல்லாம் தெரியுதுடி," என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா தாயே என்று கும்பிட்டேன். எங்களோடு காய் எடுக்கிற சுருளியம்மாள் குலவையே போட்டுவிட்டாள். போடியில் இறங்கியதும் முதல் வேலையாகக் கண்மலர் வாங்கிக் கோயிலுக்குப் போவதென்று, ஜீப்பில் ஏறியதும் பெண்கள் எல்லாம் சேர்ந்து முடிவுகட்டினார்கள். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணில் நீர் வழிந்தது. வாழ்நாளில் சாமிக்கு ஒரு சூடம் ஏற்றாத மனுஷனுக்கும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போடிமெட்டு தாண்டி இறக்கம் தொடங்கியது. இரண்டு மூன்று வளைவு இறங்கியதும் அவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டு, இதற்குள் ஏன் இருட்டுகிறது என்று கேட்டார். வெயில் இன்னும் பாறைமேல் அடித்துக்கொண்டிருந்தது. குசும்பு பண்ணுகிறார் என்று நினைத்து நானும் ஏதோ பதிலுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்க வர்றது என்னடி, பஸ்சா பாறையா?"

வந்தது பஸ்சு. அது ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. அடுத்த வளைவில் எங்கள் ஜீப்பு திரும்பவே இல்லை. தடுப்புச் சுவரைப் பார்த்து நேராகப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நேர்த்திக்கடன் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

"மாமா, பிரேக்கப் பிடி!"

பிடித்தார். முன்பக்கம் சுவரில் இடித்து ஜீப்பு நின்றது. அவர் இறங்கி இரண்டடி வைத்தார், அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் ஒழுகியது, கைகால் வெடவெடவென்று நடுங்கியது. முகத்தைப் பிடித்துத் தூக்கினேன். கண்ணின் கறுப்பு மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை. பின்னால் வந்த ஜீப்புக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததுமே டாக்டரம்மா, மருந்தடித்தாரா என்றுதான் கேட்டார். ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். கண் சரியாகிவிட்டது என்றல்லவா இருந்தோம் என்று நான் உளறினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, பரிதாபம் இருந்தது.

"கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கும்மா. கிட்டப் பாக்கும்போது அது உப்பும், தூரத்தப் பாக்கும்போது தட்டையாகும். வயசானா அது இறுகிப்போயி சரியா உப்பாது. இந்த விஷம் உள்ள இருக்கிற தசைய இறுக்கிப் பிடிச்சு உப்ப வச்சிருச்சு. திரும்பத் தட்டையாகவே விடல. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா மூச்சு நின்னிருக்கும்."

உட்கார்ந்துவிட்டேன். நான் கையெடுத்துக் கும்பிட்டது விஷத்தை. விஷத்துக்குக் குலவை போட்டு, ஜீப்பு நிறைய ஆட்களை ஏற்றி, மலையிறங்கியிருக்கிறோம்.

விடிந்ததும் உயிருக்குப் பயமில்லை என்று உள்ளே விட்டார்கள். கட்டில் ஓரம் போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன். கண்மணி இப்போது அகல விரிந்திருந்தது. என்னையே பார்த்தார்.

"யாரு?" என்றார்.

என் உயிர் என்னிடம் இல்லை. உயிரைக் கொடுத்துவிட்டுக் கண்ணைப் பறித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். நர்சம்மா என் தோளைப் பிடித்து இழுத்து, பயப்படாதே என்றார். ஊசியில் போட்ட மருந்து அந்தத் தசையின் பிடியைத் தளர்த்திவிட்டதாம். லென்ஸ் இப்போது தட்டையாகவே கிடக்கும், கொஞ்ச நாளைக்கு உப்பாது, கிட்டே எதுவும் தெளியாது, பிறகு பழையபடி ஆகிவிடும் என்றார். எட்டப் போய் நிற்கச் சொன்னார்.

அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தேன். கட்டில்களைத் தாண்டி வாசல் நிலையில் முதுகு முட்டியதும் அவர் முகம் தெளிந்தது.

"செல்வி. ஏன்டி இப்படி மூஞ்சி வீங்கி நிக்கிற?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. இனி மருந்து டப்பாவைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அங்கிருந்தே கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கிட்டே வா என்று கையை ஆட்டினார்.

போனேன். நெருங்க நெருங்க அவர் பார்வை என்னைத் தவறவிட்டது. கட்டிலை ஒட்டி நான் நின்றபோது காற்றில் கையை நீட்டித் துழாவி, முதலில் மூக்கைத் தொட்டு, பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அசையாமல் நின்றேன்.