துரைசானி கேட்ட மழை

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஐம்பத்தைந்தாம் வருடம் ஆனி மாதம், அங்கே வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசானிக்கு மழையை மேளம் வாசிக்க வைக்கும் ஆசை வந்தது. தச்சன் ஆண்டியப்பன் மூன்று வாரம் பாடுபட்டுப் பங்களாப் புல்வெளியில் ஒரு மரச்சட்டத்தை எழுப்பினான். மேலே சரிவான மர வாய்க்கால்கள், கீழே பெரிய மரக் கரண்டிகள். தண்ணீர் நிறைந்ததும் கரண்டி கவிழ்ந்து பலகையில் அடிக்கும். பெரிய பலகை தொம் என்னும், சின்னது டக் என்னும். இத்தனையும் ஒரே ஒரு நாள் விருந்துக்கு. மறுநாள் பிரித்துவிட வேண்டும்.

ஒரு மாதமாகக் கொழுந்துக்காரிகளை விடாமல் நனைத்த மழை, விருந்தன்று பார்த்து லீவு போட்டுவிட்டது.

கணக்கப்பிள்ளை பொன்னையா மலைக்கு ஓடினார். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காளியாயியையும் இன்னும் ஐந்து பெண்களையும் கூட்டிவந்து, சட்டத்துக்குப் பின்னாலிருந்த உயரமான வேலி மறைவில் வாளியோடு நிறுத்தினார்.

"வாய்க்கால்ல ஊத்துங்க. ஒருத்தி தலையும் வெளிய தெரியக் கூடாது."

"சரிங்கய்யா," என்றாள் காளியாயி. "மழைக்கு ஏதுங்க தலை."

ஊற்றினார்கள். வேலிக்கு அப்பால் விருந்துக்கு வந்த துரைமார் கைதட்டினார்கள். நாலு வாளி ஊற்றியதும் காளியாயிக்குப் பிடிபட்டது: அடி எப்போது விழும் என்பது தன் கையில்தான் இருக்கிறது.

போன மாதம் அவள் புருஷன் அழகன் செத்தபோது, துரைசானிக்குத் தலைவலி என்று தப்படிக்க விடவில்லை இதே பொன்னையா. மேளமில்லாமல், திருட்டுச் சாமான் மாதிரி தூக்கிப்போய்ப் புதைத்தார்கள்.

"அம்மாக்கண்ணு, நீ பெரிசுல ஊத்து. நான் தலையாட்டறப்ப மட்டும்."

பக்கத்தில் நின்ற அம்மாக்கண்ணுக்கு இரண்டாவது அடியிலேயே விளங்கிவிட்டது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பங்களாப் புல்வெளியில் சாவு மேளம் கணீரென்று எழுந்தது. கேக் தட்டோடு நின்ற சமையற்காரன் மாயாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். துரைமார் காலால் தாளம் போட்டார்கள். ஒரு கிழத்துரை பெண்டாட்டியின் இடுப்பைப் பிடித்து ஆடவே தொடங்கிவிட்டார்.

பொன்னையா வேலிக்குப் பின்னால் பாய்ந்து வந்தார். கத்தினால் குட்டு வெளிப்படும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "அடியே, இது என்ன அடின்னு தெரியுதா?"

"மழைங்கய்யா. அது பேயறபடிதானே பேயும்."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. வாளியைக் கீழே வைக்கவில்லை. அழகனுக்குச் சேரவேண்டிய அடி அத்தனையும் விழும்வரை ஊற்றினாள்.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பொன்னையா அவளெதிரே வந்து நின்றார். வேலை போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

"அந்தச் சட்டத்தைப் பிரிக்க வேணாமாம். ஞாயித்துக்கெழம கொழும்புலேர்ந்து பெரிய தொரை வர்றாராம்." தொண்டையைச் செருமினார். "நேத்துப் பேஞ்ச அதே மழை வேணுமாம் தொரசானிக்கு."

காளியாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"பெரிய தொரைக்குன்னா ஆறு பேரு பத்தாதுங்கய்யா. ஒப்பாரிக்கும் நாலு பேரு வேணும்."

பொன்னையா நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.