எட்டுப் பொருள்

என் வீட்டுக்காரர் ஒச்சப்பனுக்கு வலிப்பு. வெடிமருந்து அறையில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர் நாரணாபுரத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எந்தப் பட்டாசுக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. ஐந்து வருடம் வீட்டிலேயே கிடந்தார். 2006இல் மதுரை ஆஸ்பத்திரியில், தலையில் ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள். அதற்கு முன் ஒரு சோதனை. வலிப்பு கிளம்பும் மூளைப் பாதியை ஊசியால் சில நிமிடம் தூங்க வைத்து, எட்டுப் பொருள் காட்டுவார்கள். ஊசி தெளிந்ததும் அவற்றைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆபரேஷன்.

சோதனை என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு ஆபீசர் வரும் முந்தின நாளே போர்மேன் எங்களை நிற்கவைத்து, ரூமுக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேலை விடும் என்று பதிலை மனப்பாடம் செய்ய வைப்பார். நானும் அதையே செய்தேன். என்னோடு வேலை பார்க்கும் ஆவுடைத்தாயின் மகனுக்குப் போன வாரம் இதே சோதனை நடந்திருந்தது. அவளிடம் எட்டையும் கேட்டுக்கொண்டேன். ஆமத்தூர் தாண்டியதில் இருந்து மதுரை வரை பஸ்ஸில் ஒப்பிக்க வைத்தேன். சீப்பு, சாவி, கரண்டி என்று மனுஷன் பிசகாமல் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோதனை செய்யும் சுகிர்தா மேடம் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இது பாஸ், பெயில் இல்லம்மா. அந்தப் பக்கத்துல கொஞ்சம் எடுத்துட்டா, மறுபக்கம் ஞாபகத்தைத் தாங்குமான்னு பார்க்கிறோம். தாங்காதுன்னு தெரியாம எடுத்துட்டா, காலையில பேசினது மத்தியானம் நிக்காது. ஆயுசுக்கும் அப்படித்தான்."

நான் செய்ததைச் சொன்னால் ஆபரேஷன் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் இந்த மனுஷனே போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம்.

"மேடம், நான் களவாணித்தனம் பண்ணிட்டேன். எட்டையும் இவுகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"ஏ பஞ்சம்மா!" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார்.

மேடம் சிரித்துவிட்டார். "நல்லவேளை சொன்னீங்க. வேற பொருள் இருக்கு."

கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஊசி ஏறியதும், தூக்கிப் பிடித்திருந்த அவரது இடது கை பொத்தென்று விழுந்தது; அந்தப் பாதி மூளை தூங்கிவிட்டதாம். மேடம் ஒவ்வொன்றாக எதையோ காட்டினார். நான் சொல்லிக் கொடுத்ததால்தான் தெரியாத பொருள் வந்தது, எல்லாம் என்னால் வந்த வினை என்று அழுதேன்.

ஊசி தெளிந்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேடம் கேட்க, அவர் விரல் மடக்கிச் சொன்னார். பூட்டு, டம்ளர், டார்ச் லைட் என்று ஆறு வந்தது. அப்புறம் வரவில்லை. எனக்கு உயிரே இல்லை.

"மத்த ரெண்டும் வரல மேடம். ஆனா நீங்க பொருள் காட்டுனப்ப இவ அந்தக் கண்ணாடிக்கிட்ட நின்னு அழுதா. மூக்கைச் சீலையில சிந்துனா. அதைச் சொல்லலாமா?"

மேடம் என் முந்தானையைப் பார்த்தார். "ஆறே போதும். மறுபக்கம் ஞாபகத்தைத் தாங்குது. ஆபரேஷனுக்கு எழுதிடுறேன்" என்றார்.

நான் அதே முந்தானையில் மறுபடியும் மூக்கைச் சிந்தினேன்.