கோயில் குழாயில் சொருகிய கிதார்

சின்னமனூர்
14.6.1999

மாப்பிள்ளை திலீபனுக்கு,

தங்கச்சி பாண்டீஸ்வரி கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்று நான் செய்து தர வேண்டுமாம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டாம்.

டிக் டேல் என்ற அமெரிக்கக் கிதார்காரரின் கேசட் வந்த நாளிலிருந்து உங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடலலை மாதிரி வாசிக்கிறார், ஆம்ப்ளிஃபயர்களை எரித்து எரித்தே கம்பெனிக்காரனைப் பலமானது செய்ய வைத்தார் என்று என் கடையில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சொன்னீர்கள். கடல் பார்க்காத ஊரில் அலை எதற்கு என்றதற்கு, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தை நான் கேட்டதில்லையா என்று மடக்கினீர்கள். சரியென்று, ரிப்பேருக்கு வந்த ரேடியோக்களை ஒதுக்கிவிட்டு, உங்கள் கிதாருக்கு ஸ்பிரிங் வைத்த எதிரொலிப் பெட்டி செய்து கொடுத்தேன். என் தப்பு அங்கன ஆரம்பம்.

ஓடைப்பட்டிக் கோயிலுக்குப் பதினொரு வருசமாக மைக் செட் கட்டியவன் நான். கரகம் கிளம்புவதைக் குழாய் ஸ்பீக்கரில் அறிவித்த பிறகுதான் சுற்றுப்பட்டிப் பெண்கள் மாவிளக்கோடு வாசலைத் தாண்டுவார்கள். அறிவிப்பு வராமல் தாண்டுவதில்லை. இந்த வருசத் திருவிழாவில், சாயங்காலக் கச்சேரிக்கு உங்கள் குழு மதியமே ஒத்திகை பார்த்தது. நான் சாப்பிடப் போன நேரம், உங்கள் பெட்டியில் சத்தம் போதவில்லை என்று கோயில் குழாய் லைனில் கிதாரைச் சொருகினீர்கள்.

எட்டுக் குழாயும் ஒன்றாக உறுமின. சோற்றுக் கையோடு ஓடி வந்தேன். மறைப்பானேன், அந்தச் சத்தத்தில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நாலு நிமிசத்தில், குழாய்க்குள் சத்தம் எழுப்பும் எட்டு யூனிட்டும் கருகிவிட்டன.

மாற்று யூனிட் வருவதற்குள் கரகம் கிளம்பிவிட்டது. ஒரு பட்டிக்கும் தகவல் போகவில்லை. ராமுத்தாய் அத்தையும் முப்பது பெண்களும் வாசலிலேயே நின்று, நெய் வற்றி விளக்கு அணைந்த பிறகுதான் கரகம் கோயில் சேர்ந்தது தெரிந்தது. அத்தை கடைக்கே வந்தது.

"ஏலே ஈஸ்வரபாண்டி, எங்க வெளக்க விட ஒன் தங்கச்சி புருசனோட டொய்ங்கு டொய்ங்கு பெருசாப் போச்சாக்கும்?"

மறுநாள் கோயில் கமிட்டியில் தலைவர் சுருளியாண்டி, சொருகியது யார் என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"மச்சான்தான் சொருகச் சொன்னாக."

தங்கச்சி அங்கனயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்துக்காக நான் வாயைத் திறக்கவில்லை. கோயில் வேலை இன்னொரு மைக் செட்காரர் சண்முகராஜுக்குப் போய்விட்டது. இனி நான் வயரோடு கோயில் பக்கம் வரக்கூடாதாம்.

மூன்றாம் நாளே, அந்தச் சத்தம் மறுபடி வேண்டும் என்று எனக்கே எழுதுகிறீர்கள். கை கூசவில்லை. அந்த டிக் டேல் எரித்ததை நான்தான் எரித்தேன் என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர் செய்தாயிற்று. சீட்டு வருவதற்கு முன்பே கை வைத்துவிட்டேன். நூறு வாட்ஸ். ஒரு மணி நேரம் முழுச் சத்தத்தில் ஓட்டியும் தாங்குகிறது. கம்பம் குழுவில் கிதார் வாசிக்கும் தங்கபாண்டி நேற்று அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை சுருளிப்பட்டியில் அவர் கச்சேரி. பாண்டீஸ்வரியைக் கூட்டி வாருங்கள், அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் நின்று கேட்கலாம்.

ஈஸ்வரபாண்டி