இரும்புச் சோதனை

குகை அளப்பது ஏதோ வீரதீரச் செயல் என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டும். முழங்கால் தேய, வயிறு தேயச் சேற்றில் ஊர்ந்துபோய், கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் நின்று, ஒருவர் டேப்பை இழுத்துப் பிடிக்க, ஒருவர் திசைகாட்டியைக் கண்ணோடு ஒட்டிவைத்து எண்ணைச் சொல்ல, ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே படம் வரைய, நாள் முழுக்க இதே கதைதான். சம்பளம் என்று சல்லிக்காசு கிடையாது. குகை இருக்கிற பூங்காவின் அலுவலகம் தருவது கழுத்தில் தொங்கவிட ஒரு மஞ்சள் அட்டை, வண்டி நிறுத்த ஒரு மூலை. அதற்கே இத்தனை மனஸ்தாபம்.

மனஸ்தாபம் ஆரம்பித்தது ஒரு வளையத்தால். அந்தக் குகையில் ஒரு பாதை கிழக்கே கிளம்பி, சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. அளந்த எண்களைக் கணினியில் போட்டால் படமும் அப்படியே வந்து சேர வேண்டும். சேரவில்லை. ஏழு மீட்டர் தள்ளிப்போய்ப் பாறைக்குள் நின்றது.

"ஏழு மீட்டர்னா சும்மாவா? ஒரு லாரியை நிறுத்தலாம்" என்றார் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குழுவுக்குத் தலைவர், படம் வரைபவரும் அவரே. குகைக்கு மேலே புது நடைபாதை போடப் போகிறார்கள். கூரை எங்கே மெலிசு என்று தெரியாமல் பள்ளம் தோண்ட முடியாது என்று பூங்காவில் அவரைத் தினமும் குடைந்துகொண்டிருந்தார்கள்.

டேப் பிடித்தவன் தம்பி. எலக்ட்ரீஷியன். திசைகாட்டி பார்த்தவள் அவனுடைய அக்கா, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். வண்டி பழக வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க "பிரேக்கு! பிரேக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினால் வேறென்ன பெயர் வரும்? குகைக்காரர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

தப்பு எங்கே என்று பேச்சு வந்ததுமே எல்லார் கண்ணும் தம்பி பக்கம்தான் திரும்பியது. யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்வானேன்? அவன் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவன் என்பது எல்லாருக்கும் தெரியும். குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. விட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாமல் கூண்டுப்புலி மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தவனை, கையைப் பிடித்து இங்கே இழுத்துவந்தவள் அக்காதான். அவனுக்கு இந்தக் குகை பொழுதுபோக்கு இல்லை. அவன் காலூன்றி நிற்கிற தரை.

இப்போது இரும்புச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குகை வாசலில் எல்லாரும் ஹெல்மெட், விளக்கு, பெல்ட், சாவிக்கொத்து என்று சகலத்தையும் கழற்றி ஒரு கல்மேல் வைப்பார்கள். கண்ணாடிக்காரர் திசைகாட்டியை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோவார். முள் அசைந்தால் அந்தப் பொருள் உள்ளே வராது. குழுவில் நாலாவது ஆளான நர்ஸின் ஹேர்பின்னைக்கூட அவர் விட்டதில்லை. பிரேக்கம்மாவும் எல்லாவற்றையும் கழற்றி வைத்தாள், ஒன்றைத் தவிர. அது அவளுடைய வலது காதுக்குப் பின்னால், முடிக்குள் பத்திரமாக இருந்தது.

காதுமிஷின் வந்து இரண்டு மாதம். புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கூல் முதலாளிக்குத் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிக் கவுண்டரில் உட்காரவைத்துவிடுவார். "ஹாரன் கேக்காத டீச்சர்கிட்ட யாரும்மா வண்டி பழகுவா?" என்பார். அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வளையம் மூடாமல் போன மறுநாள் காலை, சமையலறை மேஜையில் திசைகாட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போக வேண்டும் என்று காதுமிஷினைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். முள் மெல்ல நகர்ந்தது. எடுத்தாள், பழைய இடத்துக்குப் போனது. வைத்தாள், நகர்ந்தது.

இந்தத் துணுக்குக்குள் காந்தமா! திசைகாட்டியை வலது கண்ணில் வைக்கிறோம், இது வலது காதில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் தப்பு. அத்தனையும் நான் சொன்ன எண்.

புருஷன் காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தார். "தம்பிகிட்ட போன் பண்ணிச் சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? எனக்குக் காது போச்சுன்னா?"

"காது போனா போகட்டும். பழி அவன் தலையில இல்ல விடிஞ்சிருக்கு?"

"உங்களுக்கென்ன, வாய் கூசாம சொல்லிடுவீங்க. அடுத்த வாரம் இதைக் கழட்டி வச்சிட்டு மறுபடி அளந்துடறேன். வளையம் மூடிக்கும். அதோட விஷயமும் மூடிக்கும்."

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காத பையனை விட்டுவிட்டு, ஒழுங்காக ஓட்டியவனைத் திட்டினாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. போனை எடுப்பாள், தம்பி பெயர் வரை போவாள், மென்று விழுங்கிவிட்டுக் கீழே வைப்பாள்.

ஞாயிறு காலை, வண்டி நிறுத்துமிடத்திலேயே கண்ணாடிக்காரர் தம்பியின் தோளில் கை போட்டார். "இந்த வாரம் நீ வெளிய இருப்பா. நர்ஸ் டேப் புடிக்கட்டும். சும்மா ஒரு மாறுதலுக்குத்தான்."

"சரி சார். நான் கயிறெல்லாம் கழுவி வைக்கிறேன்" என்று தம்பி சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கண்ணுக்கு ஏறவில்லை.

பிரேக்கம்மாவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு வளையம் மூடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பயம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது? எண் சரியாக வந்தால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று அதையே பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

காதுமிஷின் இல்லாத குகை அவளுக்குப் பஞ்சடைத்த பெட்டி மாதிரி இருந்தது. தண்ணீர் சொட்டுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நர்ஸ் பேசும்போதெல்லாம் விளக்கை அவள் முகத்திலேயே அடித்து உதட்டைப் பார்த்தாள். "கண்ணு கூசுதுக்கா, கொஞ்சம் தள்ளுங்க!" என்று நர்ஸ் கத்திக் கத்திக் களைத்துப்போனாள். கண்ணாடிக்காரரிடம், எழுதிய எண்ணை ஒவ்வொரு தடவையும் காட்டச் சொன்னாள். "என்னம்மா, என்மேலயும் சந்தேகமா?" என்று அவர் சலித்துக்கொண்டார். எப்போது வெளியே போவோம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் துடித்தாள்.

சாயங்காலம், தன்னார்வலர்களுக்கென்று பூங்காவில் கொடுத்திருந்த தகரக்கூரை அறையில் கண்ணாடிக்காரர் எண்களைக் கணினியில் போட்டார். கயிறு கழுவி முடித்த தம்பியும் வந்து நின்றான். கோடு சுற்றி வந்தது. புறப்பட்ட புள்ளிக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து நின்றது.

நர்ஸ் கைதட்டினாள். பிரேக்கம்மா காதுமிஷினைப் பையிலிருந்து எடுத்து, யாரும் பார்க்காதபோது மாட்டிக்கொண்டாள். அதனால்தான் கண்ணாடிக்காரர் அடுத்துச் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. உனக்கே தெரியுதில்ல? டேப் வேலை உனக்கு இனி வேணாம். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. அட்டையை ஆபீஸ்ல குடுத்துடு, உடம்பு தேறினதும் பாத்துக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். பாவப்பட்டுச் சொன்னார். தம்பி கழுத்திலிருந்து மஞ்சள் அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்தான்.

"ஆமா சார். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றான்.

பிரேக்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே நம்பிவிட்டான், பாவி.

"நிறுத்துங்க!" என்றாள். வண்டிக்குள் கத்துகிற அதே குரல். நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். "திசைகாட்டியை இப்படி வைங்க."

கண்ணாடிக்காரர் ஒன்றும் புரியாமல் வைத்தார். அவள் முடியை ஒதுக்கி, காதுமிஷினைக் கழற்றி, அதன் அருகில் வைத்தாள். முள் நகர்ந்தது. எடுத்தாள். திரும்பியது. மறுபடி வைத்தாள். நாலு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன தடவை இது என் காதுல இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. டேப்புல ஒரு தப்பும் கிடையாது. முழுக்க என் தப்பு."

கண்ணாடிக்காரர் ஏதோ சொன்னார். உதடு அசைந்ததை மட்டும் பார்த்தாள். நர்ஸ் தோளைத் தொட்டாள். தம்பி மட்டும் அவள் பக்கம் திரும்பாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். மேஜைமேல் இருந்த அட்டையை அவன் எடுக்கவில்லை.

காதில் மாட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். அவளுடைய காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை" என்று அவன் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். "செவ்வாய்க்கிழமை நான் டாக்டர்கிட்ட போனேன்க்கா. கையை நீட்டச் சொல்லிப் பாத்தாரு. நல்லாத்தான்பா இருக்குன்னாரு. நான் நம்பல. டாக்டருக்குத் தெரியாத நடுக்கம் ஏதோ உள்ள இருக்குன்னு நெனச்சேன். மீட்டர் பாக்ஸைத் திறக்கவே பயம். கரண்டு வேலையில கை நடுங்கினா என்ன ஆகும்? வந்த வேலையெல்லாம் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"டேய்…"

"இரு. காது கேக்கலைன்னு சொல்ல உனக்கு வெக்கம். அது எனக்குப் புரியுது. என்மேல பழி விழுந்தப்ப உனக்கு ஏன்க்கா நிம்மதியா இருந்துச்சு?"

இல்லைடா என்று சொல்ல வாய் திறந்தாள். வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"எல்லாரும் உடனே நம்பிட்டாங்கடா" என்றாள். "நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டி வரலை. நீ குடிச்சவன். அதுவே போதுமா இருந்துச்சு."

தம்பி கார்க் கதவில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் சுரண்டினான்.

"அடுத்த வாரம் திசைகாட்டியை நான் பாக்கிறேன்" என்றான். "நீ டேப் புடி. ஒவ்வொரு இடத்துலயும் நின்னு கேப்பேன். சரியா புடிச்சியா, நல்லாப் பாத்தியா, கை நடுங்கலையேன்னு. எல்லார் முன்னாலயும் கேப்பேன்."

"கேளு."

"காதுல அதை மாட்டிக்கிட்டு வா. நான் கேக்கிறது ஒண்ணு விடாம உனக்கு விழணும்."

சொல்லிவிட்டு, அவள் திறந்து பிடித்திருந்த கார்க் கதவைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.