பன்னிரண்டு கதிரை விமானம்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குச் செல்லும் பேருந்தில் இரண்டு வயது டிலோஜினி ஒருமுறை அழத் தொடங்கியபோது, அவளுடைய தாய் ஜெயராணி பாதி வழியில், திகனவிலேயே இறங்கிவிட நேர்ந்தது. மிகுதித் தூரத்தை அண்ணன் அழகரின் முச்சக்கரவண்டியில்தான் கடந்தார்கள். ஆனால் லண்டனில் முதியோர் இல்லமொன்றில் பணிபுரியும் கணவன் இளங்கோவிடம் இவர்களைக் கொண்டுசெல்லவிருந்த விமானமோ பதினொரு மணித்தியாலம் பறப்பது. அதில் நடுவழியில் இறங்கிக்கொள்ள இயலாது. பயணச்சீட்டு வந்த நாள்முதல் ஜெயராணி அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு றமீஸா குவைத்துக்கு மூன்று தடவை வேலைக்குப் போய் வந்தவர். ஆகவே விமான விடயங்களில் அவர் வைத்ததே சட்டம். பிள்ளையை முன்கூட்டியே பழக்கிவிட்டால் அழுகைக்கு இடமிராது என்று அவர் தீர்ப்பளித்தார். அதன்படி ஒவ்வொரு ஞாயிறும் வீட்டு மண்டபத்தில் பன்னிரண்டு கதிரைகள் வரிசை பிடித்தன. முன்னால் சித்தப்பா, பின்னால் பெரியம்மா, யன்னலோரம் அழகர் மாமா என்று சொந்தபந்தம் முழுவதும் பயணிகளாகி அமர்ந்தது. ஆசனப்பட்டிக்குப் பதிலாக இடுப்பில் துப்பட்டாக்கள் கட்டப்பட்டன. றமீஸா விமானப் பணிப்பெண்ணாகித் தட்டில் தொதல் இனிப்பு ஏந்தி வந்தார். எல்லோரும் பட்டி அணிந்துள்ளார்களா என்று பார்க்கும் பெரும் பொறுப்பு டிலோஜினிக்கு வழங்கப்பட்டது. அழகர் வேண்டுமென்றே முடிச்சை அவிழ்த்துவிட்டுக் குறட்டை விடுவார். அவளோ காதைத் திருகி அவரை எழுப்புவாள். மூன்றாம் ஞாயிறன்று ஒரு சொட்டுக் கண்ணீருமின்றி இரண்டு மணித்தியாலம் பறந்து முடித்தாள்.

"பாத்தியா புள்ள, லண்டன் என்ன, அமெரிக்காவுக்கே கூட்டிட்டுப் போகலாம்" என்றார் றமீஸா.

ஒன்றை மட்டும் ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. விமானத்தில் இருப்பவர்கள் யாவரும் சொந்தக்காரர்கள் என்றே குழந்தை கற்றிருந்தது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானம் ஏறியதும் டிலோஜினி கடமையைத் தொடங்கினாள். முன்னால் கோட்டு அணிந்திருந்த இளைஞர் சித்தப்பாவானார். பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி பெரியம்மாவானார். யன்னலோரத்திலோ கடுகடுத்த முகத்துடன் ஒரு சிங்களப் பெரியவர், பட்டி அணியாமல் கண்களை மூடியிருந்தார். ஜெயராணி ஆபத்தை உணர்ந்து கையை நீட்டுவதற்குள் அவருடைய காது பிடிபட்டுவிட்டது.

"மாமா, பெல்ட்டு."

ஜெயராணி தனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் மன்னிப்புக் கேட்டாள். அவர் சிவந்த காதைத் தடவியவாறு, தான் எந்த வழியில் மாமா என்று தமிழிலேயே விசாரித்தார். வேறு வழியின்றிப் பன்னிரண்டு கதிரைகளின் கதையை அவள் ஒப்புவித்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பின்பு நல்ல பிள்ளையாகப் பட்டியைப் பூட்டிக்கொண்டார்.

"கெலிஓயா தபால் கந்தோர்ல நான் இருபது வருசம் போஸ்ட்மாஸ்டர். ஒருத்தரும் என் காத புடிச்சது இல்ல" என்றார்.

அதன்பின் டிலோஜினி மடி மடியாக மாறினாள். சித்தப்பாவின் கைபேசியில் யானை பார்த்தாள். பெரியம்மாவின் பிஸ்கட்டில் பாதியைத் தின்றாள். ஜெயராணி அவளை மீட்டுவர இருமுறை எழுந்தாள். இருமுறையும் அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். எந்த நேரமும் அழுகை வெடிக்கும் என்று காத்திருந்தவள், காத்திருந்த களைப்பிலேயே உறங்கிப்போனாள்.

கண் விழித்தபோது பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. பதறிப்போய் மகளின் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். யன்னலோரப் பெரியவர் மரத்துப்போன கையை அசைக்காமல், மடியில் கிடந்த சிறு தலையைக் கண்ணால் காட்டினார்.

"சத்தம் போட வேணாம் மகள். இப்பத்தான் தூங்குனது."

முன்னாலும் பின்னாலும் இருந்த உறவினர்கள் ஜெயராணியைக் கண்டிப்புடன் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கமாக அமர்ந்தாள்.