அப்பாவுக்கு வந்த ஓடிபி

உலகத்தில் யாராலும் ஏமாற்ற முடியாத குடும்பம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் போகிற சந்தில் குடியிருக்கிறது. கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே டில்லிபாபு இதைச் சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

"பேங்க்காரன் மாதிரி பேசு, எங்கப்பா ஏமாற மாட்டாரு. போலீஸ் மாதிரி பேசு, ஏமாற மாட்டாரு. ஏன், என் கொரல்லயே பேசு மாமே. ஒரு பைசா பேராது."

எதிரே பாண்டியன் சமோசாவின் ஒரு மூலையைக் கடித்தான். "உன் கொரல்ல எவன்டா பேசுவான்?"

"ஏஐ பேசும்."

"அதுக்கு வேற வேலை இல்லியா?"

வேலப்பன்சாவடிப் பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இருவரும் மெக்கானிக்கல் கடைசி வருடம். டில்லிபாபு மட்டும் கூடுதலாக சைபர் செக்யூரிட்டியை மைனராக எடுத்திருந்தான். அதாவது, திங்கள் முதல் வெள்ளி வரை புரியாத ஒன்று, சனிக்கிழமை புரியாத இன்னொன்று. மைனர் முடித்தால் பட்டச் சான்றிதழில் மெக்கானிக்கலுக்குக் கீழே ஒரு வரி சேரும். அந்த ஒரு வரிக்காக அவன் இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளைக் கொடுத்திருந்தான்.

மைனருக்கென்று தனி லேப் இருந்தது. அதிலுள்ள கம்ப்யூட்டர்களுக்கு நெட் கிடையாது, பாதுகாப்புக்காகத் துண்டித்திருந்தார்கள். லேபும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும், அதுவும் பாதுகாப்புக்காகத்தான். எனவே உலகின் எல்லா இணையத் தாக்குதல்களையும் அகல்யா மேடம் போர்டில் படம் போட்டே நடத்தினார். அவர் வரைகிற ஹேக்கர் எப்போதும் தொப்பி போட்டிருப்பான்.

படித்ததைச் செய்துபார்க்க டில்லிபாபுவுக்குக் கிடைத்த ஒரே கருவி அவன் அப்பா செங்கல்வராயன். கன்டெய்னர் லாரி டிரைவர். கோடை விடுமுறை முழுக்க அவருக்கு வகுப்பு நடந்தது. பேங்க்காரன் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், அம்மாவே கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது. நானே கேட்டாலும் கூடாது, குரலைப் போலியாகச் செய்வார்கள். என் நம்பரிலிருந்தே வந்தாலும் கூடாது, நம்பரையும் பொய்யாகக் காட்டுவார்கள். கடைசியாக அவருடைய டச் போனை வாங்கி வைத்துக்கொண்டு பழைய பட்டன் போன் ஒன்றைக் கொடுத்தான். "இதுல திருட ஒண்ணுமே இல்லப்பா," என்று பெருமையாகச் சொன்னான். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அன்றிலிருந்து முன்னால் நிற்கும் லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நீயும்தான் கீற," என்று டில்லிபாபு பாண்டியனிடம் திரும்பினான். "எதுனா அப்ளிகேசன்னா நேரா யுவராணி அக்கா கடைக்கு ஓடுற. பத்து பேர் நடுவுல பாஸ்வேர்ட கத்திச் சொல்ற. அதுக்கு ஊட்டுச் சாவிய பஸ் ஸ்டாப்புல மாட்டிட்டு வரலாம்."

"மாட்டினா இன்னா? ஊட்டுல இன்னா கீது?"

போன வாரம்தான் அந்த பிரவுசிங் சென்டரைப் போட்டோ எடுத்து, 'மேற்குச் சென்னையின் மாபெரும் பாதுகாப்பு ஓட்டை' என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தான் டில்லிபாபு.

"சரி, நீ மைனர் பரீட்சைக்குப் பதிஞ்சிட்டியா? இன்னிக்கு அஞ்சு மணியோட க்ளோசாமே," என்றான் பாண்டியன்.

பதியவில்லை. கல்லூரி வைஃபையில் எதையும் பதிவதில்லை என்பது அவன் கொள்கை. வீட்டில் டவர் கிடைப்பதில்லை. கொள்கையும் டவரும் சேர்ந்து அவனைக் கடைசி நாளுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தன. இன்று விட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு, அவனுக்கு அடுத்த வருடமே கிடையாது.

வேறு வழியின்றிக் கொள்கையை விட்டு, தன் போனிலேயே கல்லூரித் தளத்தைத் திறந்தான். பாஸ்வேர்டைப் போட்டான். 'பெற்றோரின் கைபேசிக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்றது. சேரும்போது கொடுத்த நம்பர் அப்பாவுடையது. மாற்றித்தரச் சொல்லி முன்பே ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தான். மாற்றுவதை உறுதி செய்யப் பழைய நம்பருக்கு ஓடிபி போகும் என்றார்கள். சரிதான், நல்ல பாதுகாப்பு என்று அன்றைக்கு மெச்சிவிட்டு, மாற்றாமலே வந்தான்.

அப்பாவுக்கு போன் போட்டான்.

"அப்பா, ஆறு நம்பர் போட்டு ஒரு மெசேஜ் வந்துக்கும் பாரு. அத்த சொல்லு."

அந்தப் பக்கம் லாரி ஓரங்கட்டி நிற்கும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தாம்பா. டில்லி."

"எந்த டில்லி?"

"உன் புள்ளப்பா!"

"அப்டித்தான் சொல்லுவன்னு என் புள்ள சொல்லிக்கீறான்," என்று செங்கல்வராயன் போனை வைத்தார்.

பாண்டியன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இன்னொரு சமோசா வாங்கிவந்து, வசதியாக உட்கார்ந்தான்.

டில்லிபாபு மறுபடியும் அழைத்தான். "அப்பா, என் நம்பர்லேர்ந்துதான பேசறேன்? தயவுசெஞ்சு பாருங்கப்பா."

"நம்பரையும் பொய்யா காட்டுவீங்களாமே."

"கொரலு கூடவா தெரியல?"

"கொரலு நல்லாத்தான் செஞ்சுகீற. ஆனா என் புள்ள இவ்ளோ மரியாதயா பேச மாட்டான்."

மறுபடியும் கட். அடுத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையிலிருந்த அம்மா வேம்புலியம்மாளைப் பிடித்தான். அப்பாவிடம் பேசிவிட்டு அவள் திரும்பக் கூப்பிட்டபோது குரல் கொதித்தது.

"பொம்பள கொரலும் வெச்சிக்கீறீங்களாடான்னு கேக்குறாருடா என்னிய! கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இப்டி ஒரு பேச்சு கேட்டதில்ல. அவரு கத்தற கத்துல, நான் நெசமாவே வேம்புலிதானான்னு எனக்கே சந்தேகம் வந்துட்ச்சி. இன்னாடா சொல்லிக் குடுத்த அந்த மனுசனுக்கு?"

"பாதுகாப்பும்மா."

"உன் பாதுகாப்புல இடி உழ," என்று அவளும் வைத்துவிட்டாள்.

ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லிவிட்டு மூன்றாம் முறை அழைத்தான். இந்தத் தடவை செங்கல்வராயன் கத்தவில்லை. டீக்கடையில் நிற்கிறார் போல. பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம்.

"சரி, நீ என் புள்ளன்னே வெச்சிக்குவோம். இப்ப நான் எந்த ஊருக்கு லோடு எடுத்துகினு போறேன், சொல்லு."

டில்லிபாபு ஊகித்தான். "ஓசூரு?"

"அது போன வாரம். எவன் வோணா விசாரிச்சு வெச்சிருப்பான். சரி, வேற கேக்கறேன். காத்தால கெளம்பறப்போ என் புள்ளயாண்ட ஒண்ணு சொன்னேன். அவனும் தலைய ஆட்னான். இன்னா சொன்னேன்?"

தலையை ஆட்டியது டில்லிபாபுவுக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவின் வாய் அசைந்ததும் இருந்தது. காதில் அப்போது ஹெட்போன் இருந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவர் அவர்தான் என்பதை உறுதிசெய்வது எப்படி என்கிற பாடம்.

"சாப்புட்டுப் போன்னு சொன்ன."

"இல்ல."

"வண்டிய மெதுவா ஓட்டு…"

"தம்பி, அதத்தான் எல்லா அப்பனும் சொல்லுவான்."

நல்ல மோசடிக்காரனாக இருந்தால், இந்த மனிதரைப் பற்றி இந்நேரம் நாலு விவரமாவது சேகரித்திருப்பான். டில்லிபாபுவிடம் ஒன்றுகூட இல்லை. ஒரே கூரைக்கடியில் இருபத்தோரு வருடம் இருந்தும், தான் அவருடைய பிள்ளை என்பதற்கு அவனால் காட்ட முடிந்த ஒரே ஆதாரம் ஆதார் அட்டைதான். அதையும் பட்டன் போனில் காட்ட முடியாது.

"உன் பேச்சக் கேட்டா படிச்ச புள்ளயாட்டம் தெரியுது," என்றார் செங்கல்வராயன். குரலில் இரக்கம் தட்டியது. "ஏன்யா இந்தப் பொழப்பு? அப்பா, அம்மால்லாம் கீறாங்களா?"

"கீறாங்க."

"அவங்களாண்டல்லாம் பேசுவியா?"

மேஜை மேல் சிந்தியிருந்த டீயில் ஒரு ஈ இறங்கி நடந்தது.

"தோ பாரு, நெசமாவே எதுனா பதியணும்னா வேலப்பன்சாவடி சிக்னலாண்ட யுவராணி கடை கீது. என் லைசென்ஸ் வேலல்லாம் அதுதான் பாக்கும். அங்க போ. அது கேட்டா நான் நம்பர் சொல்றேன்."

"அந்தக்கா மட்டும் போலியா இருக்காதா?" என்று கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

"என் புள்ள சொன்னதுல பேங்க்காரன் கீறான், போலீஸ் கீறான், என் பொண்டாட்டி கீது, என் புள்ளயே கீறான். யுவராணி இல்ல."

பாண்டியனின் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரையைத் தாண்டியிருந்தது. கடையில் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆட்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். யுவராணி அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாப்பா, பாதுகாப்பு ஓட்டை. இன்னா, உள்ள வந்துட்ட? எதுனா திருடு போயிடப் போவுது."

பெஞ்சு சிரித்தது. டில்லிபாபு விஷயத்தைச் சொன்னான். அப்பாவிடம் ஓடிபி மட்டும் கேட்டுச் சொன்னால் போதும், மற்றதைத் தன் போனிலேயே முடித்துக்கொள்வதாகக் கெஞ்சினான்.

"அதெல்லாம் இல்ல. என் சிஸ்டத்துல தொறந்தாதான் என் வாயால கேப்பேன். எவன் வேலைக்கோ நான் ஓடிபி கேட்டா, நாளைக்கு அவரு என்ன மதிப்பாரா?"

கீபோர்டை அவள் யாரிடமும் தருவதில்லை. தளத்தைத் திறந்தாள். செங்கல்வராயனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணாத்தே, யுவராணி. ஒரு ஓடிபி வரும், லைன்லயே இரு."

"இருக்கேம்மா. ஆனா உசாரு. என் புள்ள கொரல்ல ஒருத்தன் சுத்திகினு கீறான்."

"இங்கதான் குந்திகினு கீறான். நீ இரு." அவனிடம் திரும்பினாள். "ம்… பாஸ்வேர்டு?"

உருவாக்கி, இரண்டு மாதம் மனப்பாடம் செய்த பாஸ்வேர்டு அது. இருபது எழுத்து. எந்தச் சொல்லும் இல்லாதது, எந்தக் கம்ப்யூட்டராலும் ஊகிக்க முடியாதது. டில்லிபாபு குனிந்து அவள் காதருகே ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லு. ஃபேன் ஓடுதில்ல?"

"பெரிய க்யூ," என்றான். "ஏழு. சின்ன எம். அப்பறம் அந்தக் கூட்டல் குறி."

"கூட்டல் குறி," என்று பெஞ்சிலிருந்த பெரியவர் அவளுக்கு எடுத்துக்கொடுத்தார்.

ஸ்பீக்கரில் செங்கல்வராயன் குறுக்கிட்டார். "யுவராணி, யாரும்மா பாஸ்வேர்ட கத்துறது?"

"உன் புள்ளதான்."

"அது என் புள்ள இல்லம்மா," என்றார் அவர், தீர்மானமாக. "என் புள்ள செத்தாலும் பாஸ்வேர்ட வெளிய சொல்ல மாட்டான்."

"சரி அண்ணாத்தே. நீ லைன்லயே இரு." அவள் விரல் கீபோர்டின் மேல் நின்றது. "கூட்டல் குறிக்கப்பறம்?"

பெஞ்சு மொத்தமும் அவனைப் பார்த்தது. பாண்டியன் வாசலில் நின்று வெளியே வண்டிகளை எண்ணுகிறவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டாலர்," என்றான் டில்லிபாபு. "சின்ன எக்ஸ்."